முட்டு என்று கொப்பியில் எழுதுமுன் மூச்சை அளந்து பாருங்கள்

 

கொஞ்சம் நீண்ட பதிவுதான். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் யாராவது முட்டு, இழுப்பு, தொய்வு என்று வருடக்கணக்காக மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரு ஆசிரியர். யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லியோ மாற்றச் சொல்லியோ இதை எழுதவில்லை. சொல்ல வருவது ஒரே ஒரு விடயம். வளர்ந்த ஒருவருக்கு அஸ்மா என்று முடிவெடுக்க முன்னர் அவருடைய மூச்சை ஒரு கருவியால் அளந்து பார்க்க வேண்டும். அதை எங்கள் தீவுகளிலேயே செய்யலாம். பெரிய மெஷின் தேவையில்லை, கரண்டும் தேவையில்லை.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், எங்கள் பாடசாலையின் வரவு இடாப்புத்தான் காரணம்.

ஓ.எல். வகுப்பில் ஒரு பிள்ளை. கெட்டிக்காரி. மாதத்தில் நாலைந்து நாள் வரமாட்டாள். கேட்டால், "உம்மாவுக்கு இரவு முட்டு சேர். ஆஸ்பத்திரியில நெபுலைசர் பிடிச்சது" என்பாள். இப்படியே இரண்டு வருடம். தாயின் கிளினிக் கொப்பியில் அஸ்மா என்று எழுதி ஒன்பது வருடம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ தரம் நெபுலைசர், எத்தனையோ சரை குளிசை. ஒரு தரமாவது ஊதச் சொல்லி அளந்த ஒரு இலக்கம் அந்தக் கொப்பியில் இல்லை. கடைசியில் வேறொரு வருத்தத்துக்காக யாழ்ப்பாணம் போன இடத்தில் ஒரு இளம் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஸ்கேனுக்கு அனுப்பினார். இதய வால்வு ஒடுங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதும், நடந்தால் இளைத்ததும், விடியப்புறம் இருமியதும் அதனால்தான். இப்போது அதற்குரிய சிகிச்சை நடக்கிறது. பிள்ளையும் ஒழுங்காக வருகிறாள்.

இதில் எந்த வைத்தியசாலையையும், எந்த டொக்டரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. தீவில் ஒரு டொக்டர் தனியாக இருந்து ஒரு காலைக்குள் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் மூச்சு விட முடியாமல் வந்தால் முதலில் மூச்சைக் காப்பாற்றத்தான் வேண்டும். அந்த நேரத்தில் பரிசோதனை பற்றிப் பேச முடியாது. ஆனால் அந்த இரவில் அவசரத்துக்கு எழுதிய சொல் ஒன்பது வருடத்துக்கு அப்படியே நிற்கலாமா?

சிறு பிள்ளையின் முட்டும் வளர்ந்தவரின் முட்டும் ஒன்றல்ல. 40, 50 வயதில் முதன்முதலாக மூச்சு இளைத்தால் அதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். எங்கள் ஊரை வைத்தே பாருங்கள்.

வாழ்நாள் முழுக்கக் குசினியில் பனை மட்டை, பன்னாடை, பொச்சுமட்டை எரித்துச் சமைத்த அம்மாமார் இருக்கிறார்கள். ஒரு சிகரெட் கூடக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அடுப்புப் புகை முப்பது நாற்பது வருடம் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. இவர்களுக்கு வருவது நாட்பட்ட சுவாசத் தடை நோயாக இருக்கலாம். டொக்டர்மார் சி.ஓ.பி.டி. என்று சொல்வது இதைத்தான். பீடி, சுருட்டு, சிகரெட் குடித்த ஐயாமாருக்கும் இதுவே. வெளியில் பார்க்க அஸ்மா மாதிரி இருக்கும். ஆனால் வைத்தியம் வேறு.

பிரஷருக்கும் இதயத்துக்கும் எடுக்கிற குளிசைகளில் சில மூச்சோடு சம்பந்தப்பட்டவை. எனலாபிரில் போன்ற குளிசை சிலருக்கு வரட்டு இருமலைக் கொடுக்கும். புரோபிரனலோல், அட்டெனலோல் போன்றவை உண்மையான அஸ்மா இருக்கிறவருக்கு இழுப்பைக் கூட்டிவிடும். கண்ணுக்கு விடுகிற டிமொலோல் துளிக்குக்கூட அந்தக் குணம் உண்டு. ஆகவே டொக்டரிடம் போகும்போது எடுக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இரத்தம் குறைவாக இருந்தாலும் மூச்சு இளைக்கும். இதயம் பலவீனமாக இருந்தாலும் நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்கும். அதற்கு முந்தைய காலத்தில் இதய ஆஸ்துமா என்றே ஒரு பெயர் இருந்தது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இருக்கிறதா என்று சளியைப் பார்க்க வேண்டும். அது அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம்.

வேலையும் ஒரு காரணம். நண்டு, இறால் பதப்படுத்துகிற வேலை, மா அரைக்கிற வேலை, பேக்கரி, மரத்தூள் பறக்கிற வேலை ஆகியவற்றால் வளர்ந்த பிறகு புதிதாக அஸ்மா வரலாம் என்று உலகம் முழுக்கக் கண்டிருக்கிறார்கள். வேலை நாளில் கூடி, லீவு நாளில் குறைகிறதா என்று யாராவது கேட்டால்தான் இது பிடிபடும்.

இத்தனை காரணங்களையும் வெறும் காதால் கேட்டுப் பிரிக்க முடியாது. பரீட்சை வைக்காமல் நாங்கள் ஒரு பிள்ளைக்குப் புள்ளி போடுவதில்லையே. நோய்க்கு மட்டும் ஏன் அப்படிப் போட வேண்டும்?

இது எங்கள் தீவகத்துக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்காதீர்கள். கனடாவில் 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு ஆய்வைப் பாருங்கள். முந்தைய ஐந்து வருடத்துக்குள் டொக்டரால் அஸ்மா என்று சொல்லப்பட்ட வளர்ந்தவர்கள் 613 பேரை அழைத்து, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார்கள். அதில் 203 பேருக்கு அப்போது அஸ்மா இருக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு! சிலருக்கு முன்பு இருந்து மறைந்திருக்கலாம். ஆனால் 12 பேருக்கு இருந்தது இதயத்தையோ நுரையீரலையோ தாக்கிய வேறு பாரதூரமான நோய். அதை அஸ்மா என்று நினைத்திருந்தார்கள். முதலில் நோயைச் சொன்னபோது மூச்சை அளந்து பார்க்காதவர்களிடத்தில்தான் இந்தத் தவறு கூடுதலாக இருந்தது. பணமும் மெஷினும் உள்ள நாட்டிலேயே இப்படி.

மற்றப் பக்கமும் உண்டு. உண்மையில் அஸ்மா இருந்தும் யாரும் சொல்லாதவர்கள். மாதாமாதம் நெஞ்சுச் சளி என்று அன்ரிபயோட்டிக் வாங்குவார்கள். இருமல் பாணி குடிப்பார்கள். கனடாவிலேயே 2024இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 38,353 பேரைத் தொலைபேசியில் விசாரித்து, மூச்சுத் தொல்லை உள்ளவர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள். 595 பேருக்கு அதுவரை யாரும் கண்டுபிடிக்காத அஸ்மாவோ சி.ஓ.பி.டி.யோ இருந்தது. அவர்களில் சரியான சிறப்புச் சிகிச்சை பெற்றவர்கள் பிறகு மூச்சுத் தொல்லைக்காக டொக்டரிடம் ஓடுவது குறைந்தது.

எங்கள் இடத்தில் இதற்கு வெட்கமும் ஒரு காரணம். கலியாணம் பேசுகிற பெண் பிள்ளைக்கு முட்டு என்று வெளியில் தெரியக்கூடாது என்று மறைக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். பம்ப் அடிக்கத் தொடங்கினால் விட முடியாது என்றும் சொல்வார்கள். அஸ்மா தொற்றுகிற நோய் இல்லை. பம்ப் போதைப்பொருளும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகத்தில் 26 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அஸ்மா இருந்தது. அந்த ஒரு வருடத்தில் 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள். ஒழுங்கான மருந்து கிடைத்திருந்தால் இவர்களில் பெரும்பாலானோர் பிழைத்திருக்கலாம்.

சரி, எப்படி அளப்பது?

அஸ்மாவின் குணம் மாறிக்கொண்டிருப்பது. மூச்சுக் குழாய் ஒரு நேரம் ஒடுங்கும், இன்னொரு நேரம் திறக்கும். இரவிலும் விடியப்புறத்திலும் கூடும், பகலில் குறையும். அதனால்தான் பகல் பத்து மணிக்குக் கிளினிக்கில் குழாய் வைத்துக் கேட்கும்போது நெஞ்சு சுத்தமாக இருக்கும். இந்த மாற்றத்தைப் பிடிப்பதுதான் பரிசோதனையின் வேலை.

சிறந்தது ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் பலமாக ஊத, எவ்வளவு காற்று எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று மெஷின் காட்டும். பிறகு சல்பியூட்டமோல் கொடுத்து, கால் மணித்தியாலம் விட்டுத் திரும்ப ஊத வைப்பார்கள். நன்றாகக் கூடினால் அஸ்மா என்பதற்கு அது சாட்சி. மருந்துக்குப் பிறகும் அடைப்பு அப்படியே நின்றால் சி.ஓ.பி.டி. பக்கம் யோசிக்க வேண்டும்.

பிரித்தானியாவில் 2024 நவம்பரில் வெளியிட்ட புதிய வழிகாட்டியில், வளர்ந்தவர்களுக்கு இரத்தத்தில் ஈசினோபில் கலங்களையோ மூச்சில் நைட்ரிக் ஒக்சைட் வாயுவையோ முதலில் பார்க்கச் சொல்கிறார்கள். அதில் தெளிவு வராவிட்டால் ஸ்பைரோமெட்ரி. நைட்ரிக் ஒக்சைட் மெஷின் எங்களுக்கு எட்டாத தூரம். ஈசினோபில் வயிற்றுப் பூச்சியாலும் கூடும் என்பதால் அதையும் இங்கே அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே வழிகாட்டியில் எங்களுக்கென்றே எழுதியது போல ஒரு வரி இருக்கிறது. ஸ்பைரோமெட்ரி கிடைக்காவிட்டால், அல்லது தாமதமானால், இரண்டு கிழமைக்குக் காலையும் மாலையும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிக் குறித்து வரச் சொல்லுங்கள் என்கிறது.

பீக் ஃப்ளோ மீட்டர் என்பது ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே ஒரு ஸ்பிரிங், வெளியே ஒரு முள், பக்கத்தில் அடிமட்டம் போல இலக்கங்கள். இங்கிலாந்தில் மார்ட்டின் றைட் என்பவர் 1950களில் உருவாக்கிய கருவி. கையில் அடங்குகிற சிறிய வடிவம் 1970களில் வந்தது. பற்றரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு சாதாரண கைத்தொலைபேசியின் விலையில் மிகச் சிறிய பங்குதான் வரும்.

ஊதுகிற முறை இதுதான். எழுந்து நின்று, முள்ளைக் கீழே இறக்கி விடுங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் வேகமாக ஊதுங்கள். மெழுகுதிரியை அணைக்கிற மாதிரி, ஆனால் முழுப் பலத்தோடு. மூன்று தரம் ஊதி, கூடிய இலக்கத்தை எழுதுங்கள். காலையில் எழும்பியதும் ஒன்று, மாலையில் ஒன்று.

கணக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்குத்தான். காலை 280, மாலை 360 என்று வைப்போம். வித்தியாசம் 80. இரண்டின் சராசரி 320. 80ஐ 320ஆல் வகுத்தால் 25 சதவீதம். இப்படிப் பதினாலு நாளுக்கும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். அந்தச் சராசரி 20 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அஸ்மா என்று பிரித்தானிய வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. ஜீனா எனப்படும் உலக அஸ்மா அமைப்பு 10 சதவீதத்துக்கு மேல் போனாலே கவனிக்கச் சொல்கிறது. மற்றொருவருக்குக் காலை 400, மாலை 410 என்றே பதினாலு நாளும் நின்றால், முட்டு இருந்துகொண்டும் இலக்கம் அசையாவிட்டால், டொக்டர் வேறு காரணத்தையும் தேட வேண்டும். முடிவைச் சொல்ல வேண்டியவர் டொக்டர்தான். ஆனால் அவர் கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.

பீக் ஃப்ளோ ஸ்பைரோமெட்ரிக்கு ஈடாகாது, ஊதுகிறவர் சோம்பல்பட்டால் இலக்கம் பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நெடுந்தீவில் இருக்கிற ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். குமுதினியிலோ வடதாரகையிலோ ஒரு மணித்தியாலக் கடல். குறிகட்டுவானில் இறங்கி பஸ். பெரியாஸ்பத்திரியில் வரிசை. திரும்பிப் படகைப் பிடிக்க வேண்டுமே என்கிற பதைப்பு. சோழகம் எழும்பினால் அதுவும் இல்லை. கூடப் போகிறவரின் அன்றைய கூலியும் போய்விடும். "இன்னொரு நாளைக்கு வாங்கோ" என்று ஒரு சொல் வந்தால் அவர் பிறகு போகவே மாட்டார். கையில் பதினாலு நாள் இலக்கத்தோடும் தீவு டொக்டரின் கடிதத்தோடும் போனால் நாலு பயணம் ஒன்றாகக் குறையும். யாருக்கு ஸ்பைரோமெட்ரி அவசியம், யாருக்கு இதய ஸ்கேன் அவசியம் என்பதும் இங்கேயே ஓரளவு தெரிந்துவிடும்.

தவறான பெயருக்கு நாங்கள் கொடுக்கிற விலையும் கடலால் கூடுகிறது. நகரத்தில் இருப்பவருக்கு இரவில் மோசமானால் அரை மணியில் பெரியாஸ்பத்திரி. எங்களுக்குப் படகு தேட வேண்டும். ஆகவே தீவில் இருக்கிறவருக்குத்தான் நோய் என்ன என்று முன்கூட்டியே சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

என் சமூகத்து உறவுகளுக்கு ஒரு வார்த்தை. ரமழான் வந்தால் என்னிடம் கேட்கிற கேள்வி, நோன்போடு பம்ப் அடிக்கலாமா என்பது. அதில் உலமாக்களிடையே இரண்டு கருத்தும் உண்டு. உங்கள் மௌலவியிடமும் டொக்டரிடமும் ரமழானுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. அந்தச் சலுகை எனக்கு உரியதா என்று அறிய, எனக்கு இருப்பது என்ன நோய் என்று முதலில் தெரிய வேண்டாமா? அளந்து பார்க்காத ஒரு பெயரால் வருடக்கணக்காக நோன்பை விடுகிறவரும் இருக்கிறார். கடும் அஸ்மாவோடு மருந்தை விட்டுவிட்டு உயிரைப் பணயம் வைக்கிறவரும் இருக்கிறார்.

நான் கேட்பது நாலு விடயம்.

ஒன்று. நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை, அனலைதீவு, எழுவைதீவு என்று தீவகத்தின் ஒவ்வொரு அரச வைத்தியசாலையிலும் சில பீக் ஃப்ளோ மீட்டர்கள் இருக்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பது போல இரண்டு கிழமைக்குக் கொடுத்து வாங்க வேண்டும். வாய்க்குழாய் ஆளுக்கு ஒன்று புதிதாகக் கொடுக்க வேண்டும். ஊதக் காட்டிக்கொடுக்க ஒரு தாதிக்கு ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு. குறிக்கிற அட்டவணை தமிழில் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டொக்டர் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்த மாவட்டம் இது. பதினாலு நாள் அட்டவணையைத் தமிழில் அடிக்க எங்களால் முடியாதா? நான் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். டொக்டர்மார் யாராவது பார்த்துத் திருத்தித் தந்தால் போட்டோக்கொப்பிச் செலவு என்னுடையது.

மூன்று. கிளினிக் கொப்பியில் அஸ்மா என்று எழுதினால் பக்கத்தில் அளந்த இலக்கமும் இருக்க வேண்டும். அவசரத்தில் மருந்து கொடுத்தால் கொடுக்கட்டும். ஆள் தேறிய பிறகு அளக்கட்டும். அளக்காமல் பல வருடம் மருந்தெடுக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திரும்பப் பார்க்கட்டும்.

நாலு. ஊர்காவற்துறை ஆதார வைத்தியசாலையில் குறித்த நாட்களில் ஸ்பைரோமெட்ரி செய்ய ஒழுங்கு வேண்டும். அது முடியும்வரை, தீவுகளில் இருந்து வருகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் படகு நேரத்துக்கு ஏற்றபடி முற்பகலிலேயே இலக்கம் கொடுக்க வேண்டும்.

முதலாவதுக்கு அரசாங்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கோயில், பள்ளி, தேவாலயம், பாடசாலைக்கு எல்லாம் அள்ளிக் கொடுக்கிற எங்கள் புலம்பெயர் உறவுகள் இருக்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற ஊர்ச் சங்கங்கள் நினைத்தால் ஒரு பார்சலில் முடிந்துவிடும். ஆனால் வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அறிவித்து, ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும்.

இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். அளந்த இலக்கம் ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் அடுத்த கிளினிக்கில் மரியாதையாக, "டொக்டர், எனக்கு மூச்சை ஒருக்கா அளந்து பார்க்கலாமோ?" என்று கேளுங்கள். ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள், என்ன செய்யும்போது கூடுகிறது, எந்த மருந்துக்குக் குறைகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். அதுவரை எடுக்கிற மருந்தை அப்படியே எடுங்கள். ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலித்தால், பம்ப் அடித்தும் குறையாவிட்டால் அளக்கவும் வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கடைசியாக ஒரு உதவி. உங்கள் தீவின் வைத்தியசாலையில் பீக் ஃப்ளோ மீட்டர் இருக்கிறதா, இருந்தால் பாவிக்கிறார்களா என்று தெரிந்தவர்கள் கொமென்டில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். நோயாளியின் பெயர், டொக்டரின் பெயர் எதுவும் வேண்டாம். எல்லாத் தீவுக்கும் ஒரு பட்டியல் சேர்ந்ததும் கடிதம் ஒன்று எழுதி, உங்களில் வரக்கூடிய சிலரோடு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க நினைத்திருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். படகு நேரம் பார்த்து ஒரு நாளை முடிவெடுப்போம்.